தாளில் மிச்சம்

பனிக்கங்குளத்தாரின் கடிதங்கள் என்னிடம் பதினாறு.
ஒன்று கொழும்பில், பழைய பேப்பர்க் கடையில்
நிறுத்து வாங்கிய கட்டுக்குள் இருந்தது.
நாலு, ரொறன்ரோவில் ஒருவர் செத்தபின்
மகன் அனுப்பியவை; தபாற்செலவு என்னுடையது.
மற்றதெல்லாம் கெஞ்சி. ஒன்று மட்டும் பொய் சொல்லி.
பொலித்தீன் உறையிலிட்டு, பூச்சி உருண்டை போட்டு
வவுனியாவில் வங்கி லொக்கரில்
மனைவியின் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அந்த 'ழ'வுக்காகத்தான் எல்லாம்.
வால் கீழே இறங்கி, இடப்பக்கம் திரும்பி
மீன் இல்லாமல் மேலே வந்த தூண்டில் போல
ஒரு சின்னக் கொக்கி.
ஆயிரம் கையெழுத்துக்குள் விட்டாலும் பிடிப்பேன்.

பதினேழாவது மல்லாவியில் இருக்கலாம் என்றார்கள்.
கோழி வளர்க்கும் நேசமலரிடம்.
மாங்குளத்தில் பஸ் மாறினேன்.
வெறும் உறை ஒன்றும்
பத்தாயிரம் ரூபாயும் கோப்புக்குள் இருந்தன.

அவள் கையைக் கழுவி, சட்டையில் துடைத்து
கோப்பை விரித்தாள். வாசிக்கவில்லை.
பழைய வகுப்புப் படத்தில்
தன் முகம் தேடுகிறவள் போல் பார்த்துக்கொண்டே போனாள்.
பிறகு சொன்னாள்:
"இது என்ர எழுத்து."

தொண்ணூற்றேழு. பக்கத்துக் கொட்டிலில் அவர்.
ஜாம் போத்தல் விளக்கு.
"கை நடுங்கும் அவருக்கு. தேத்தண்ணியும் சிந்தும்.
அவர் சொல்லுவார், நான் எழுதுவன்.
எனக்கு அப்ப பதினாலு வயசு."

எட்டாவது கடிதம் ஞாபகம் வந்தது.
'கை நடுங்குகிறது, எழுத்தைப் பொறுத்தருள்க.'
அதற்குக் கீழே ஒரு எழுத்துக்கூட
கோடு தாண்டவில்லை.
பதினெட்டு வருடம் அதை வாசித்திருக்கிறேன்,
உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து.

விடவில்லை நான். பன்னிரண்டாவதை எடுத்துக் காட்டினேன்.
மூன்று ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய இடம்;
ஒருவர் தன் நூலுக்கே தலைப்பாக்கினார்:
'மழை இன்னும் வரவில்லை.
தவளைகள் அதை நம்பவில்லை.'
"இதையாவது அவர்தானே சொன்னவர்?"

நேசமலர் சிரித்தாள்.
"ஷெல் விழுந்ததில அவருக்குக் காது கேக்காது.
தவளை எங்க கேக்கிறது?
தாள் அடியில ரெண்டு வரிக்கு இடம் கிடந்தது.
ஒரு கொப்பி என்ன விலை அப்ப,
சும்மா விடுறதோ?"

கோழிகள் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தன.
எழுந்து போய் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.
அவரின் கடிதம் ஒன்றும் அவளிடம் இல்லை.
பக்கத்துக் கொட்டிலில் இருப்பவளுக்கு
எவர் கடிதம் போடுவார்?

வெறுங்கையோடு திரும்ப வெட்கமாயிருந்தது.
முப்பது முட்டை வாங்கினேன்.
பற்றுச்சீட்டுக் கேட்டேன்.
'கோழி முட்டை 30' என்று எழுதினாள்.
வால் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, கொக்கி.

"கையெழுத்தும் வையுங்கோ" என்றேன்.
பேனை தாளுக்கு மேல் நின்றது.
"என்ர பேரோ, அவற்ற பேரோ?"

றோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது.
மாங்குளம் வரை முட்டைகளை மடியில் வைத்திருந்தேன்.
கோப்பு மேலே, தட்டில்,
யாரோ ஒருவரின் வெங்காயச் சாக்குக்கு அடியில் கிடந்தது.