கடைசி, காற்றோடு

டிசம்பரில் புன்தா அரேனாஸ் ஊர்க்காரர்கள்
தெருமுனையில் கயிறு கட்டிவைக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
தமிழில் மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர்.
அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தால்
தொப்பியோடு சேர்த்துப் பறித்துக்கொண்டு போகும்.

பச்சைத் துணி முதல் நாளே போயிற்று.
டான்காவின் முதுகுக்குப் பின்னால் அதைக் கட்டி
பிற்பாடு கணினியில் நட்சத்திரம் ஒட்டுவதாகத் திட்டம்.
நாலு முளை, இரண்டு செங்கல், ரோசமேலின் தம்பி.
தம்பியைத் தவிர எல்லாம் பறந்தது.
செங்கல் பறக்கவில்லை, நகர்ந்தது
என்று திருத்துகிறான் ரோசமேல்.
கேமராக்காரன், அவனுக்குத் துல்லியம் முக்கியம்.

பாட்டு டான்கா எழுதியது,
நாய் வளர்க்கக் கூடாத ஒரு வாடகை வீட்டைப் பற்றி.
அதில் காதல் இருக்கிறதா இல்லையா என்று
மூவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.
பிறகு நீரிணைக் கரையில் நின்று
ஒரே மூச்சில் பாடி எடுத்தார்கள்.

பள்ளிக் கணினி அறையில்
ஏழாவது இயந்திரம் மட்டும் ஒழுங்காக ஓடும்.
மென்பொருள் முப்பது நாள் இலவசம்.
இன்று இருபத்தொன்பது.

ஈபார் காலக்கோட்டை விரித்தான்.
மேலே படம், கீழே ஒலி.
டான்காவின் குரல் மீன்முள் மாதிரி நடுவில்,
காற்று அதைச் சுற்றி அடைத்த சதை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது.
அவள் பாடாத இடத்தில் அரை நொடியை எடுத்துக் காட்டி
இதுதான் இரைச்சல் என்று சொன்னால்,
எங்கே கண்டாலும் துடைத்துவிடும்.
ஈபார் காட்டிக்கொடுத்தான்.
நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது.

அமைதி.
பிறந்ததிலிருந்து மூவரும்
இந்த ஊரில் கேட்டிராத அமைதி.

அதற்குள்ளிருந்து டான்கா பாடினாள்.
சிலேக்காரர்கள் பாதி ‘ஸ்’ஸை விழுங்குவார்கள்,
மிச்சப் பாதியை இயந்திரம் விழுங்கியிருந்தது.
மூச்சு வாங்குகிற இடமெல்லாம் வழித்தெடுத்தாற்போல.
மூச்சும் காற்றுதானே,
இது வேறு அது வேறு என்று
அதற்கு யார் சொன்னார்கள்?
திரையில் அவள் கூந்தல்
தரைக்குச் சமமாக நீண்டு நின்றது,
எதற்கென்று காதுக்குத் தெரியவில்லை.

“யாரோ என் முடியைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு.”
“சாந்தியாகோவில் பாடின மாதிரி இருக்கு.”
பாராட்டா வசவா என்று
ரோசமேலுக்கே நிச்சயமில்லை.

ஐம்பதில் வைத்தால் தண்ணீருக்கடியில் பாடினாள்.
முப்பதில், தகரக் குழாய்க்குள்.
பதினைந்தில் ஈபார் மேசையில் தலையை வைத்தான்.
டான்கா அவன் கைக்கு மேலாக எட்டி
கண்ட்ரோல், இசட்.
கண்ட்ரோல், இசட்.
காற்று உள்ளே வந்தது,
வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

இரண்டாம் சரணத்தில்
ஒரு வரி முழுசாக அதற்குள் போயிருந்தது.
கீழே எழுத்துப் போட்டுவிடலாம் என்றான் ஈபார்.
நாயின் பெயர் வருகிற வரி அது.
டான்கா நகத்தைக் கடித்தாள்.
வேண்டாம், என்றாள். இருக்கட்டும்.

பத்து மணி, ஜன்னலில் இன்னும் வெளிச்சம்.
ஏற்றுமதி எண்பத்தேழில் ஒரு தடவை செத்துப் பிழைத்தது.
கோப்புக்கு முதலில் ‘கடைசி’ என்று பெயர்.
அப்புறம் ‘நிஜமான கடைசி’.
இதற்கு, ‘கடைசி, காற்றோடு’.

அனுப்புமுன் ஒரு தரம் ஓட்டினார்கள்.
அவள் பாடி முடித்தாள். ரோசமேலின் தம்பி
ஓரத்தில் ஒரு கணம் தெரிந்து மறைந்தான்.
திரை கறுத்தது.
காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வாலை வெட்ட மறந்துட்டியா?”

ஈபார் குனிந்து
ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.
பிடுங்கின வயரைக் கையில் வைத்துக்கொண்டே
கொஞ்ச நேரம் கேட்டான்.