நீர்க்குறி

எம்மெ ஆறு வளைகிற இடத்தில் ஊர்.
ஓபர்ஷ்டெக் என்பது பலகையில் உள்ள பேர்.
அக்கம்பக்கத்தார் வைத்த பேரைத் தமிழில் சொன்னால்
கந்தல்பட்டி.

தொண்ணூற்றொன்று மார்ச்சில் இறங்கினேன்.
பனி அழுக்காகிக் கிடந்தது.
பேருந்துக் கதவு திறந்ததும் மணம்:
அவித்த முட்டைக்கோசு, ஈரச் சுண்ணாம்பு.
நாலாம் நாள் அந்த மணத்தைக் காணோம்.
நமக்கு முன்னே
மூக்கு குடியுரிமை வாங்கிவிடுகிறது.

ஆலை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கணக்கேடு.
இரவு ஷிப்ட் இடைவேளைகளில், அகராதியோடு,
ஆறு மாதத்தில் நாற்பது வரி படித்தேன்.

மாவு அரைத்த சக்கரத்தைக் கந்தல் இடிக்கத் திருப்பியவன்
யாக்கோப் ஷ்வெண்டிமான்.
ரொட்டிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்.
பதினோரு ஆண்டு இழுத்தது.
அவர்கள் மனு, இவன் மறுப்பு, நீதிமன்றத்தின் தவணை
எல்லாம் எழுதப்பட்டது இவன் விற்ற காகிதத்தில்.
தீர்ப்பு என்ன என்று ஏட்டில் இல்லை.
விற்பனை இருக்கிறது.

பிறகு பெண்கள்.
மேசையில் நட்ட அரிவாளில்
துணியை இழுத்துக் கிழிக்கிற பெண்கள்.
பொத்தானை அறுத்துத் தகரத்தில் போட வேண்டும்,
அதற்குக் கூலி தனி.
எழுபத்தொன்றில், பதினெட்டு நூற்று எழுபத்தொன்றில்,
தோற்ற படையொன்று பனியில் எல்லை தாண்டி வந்து
கழற்றிப் போட்ட சட்டைகள் மூட்டை மூட்டையாக.
மடிப்புகளில் அம்மை.
வெரேனா ஃப்ளூக்கிகர், வயது பத்தொன்பது.
பேருக்கு நேரே:
‘பாக்கி இரண்டு ஃபிராங்க் அறுபது. வாங்க ஆளில்லை.’

கந்தல் போதாத காலத்தில் வைக்கோலை அவித்தார்கள்.
நான் சிரித்துவிட்டேன்.
கதிருக்குக் கீழே நிற்பது தாள்,
எழுத்துக்குக் கீழே கிடப்பதும் தாள்,
கதவுக்குள் போடுவது தாள்,
விழுந்து கும்பிடுவதும் தாளில்தான்.
மேஸ்திரி ஊர்ஸ் கெல்லர்ஹால்ஸுக்கு விளக்கப் பார்த்தேன்.
என் ஜெர்மன் அவ்வளவு தூரம் போகவில்லை.
“உங்கள் ஊரில் காலிலிருந்தா
காகிதம் செய்கிறீர்கள்?” என்றார்.

நாலாம் நம்பர் இயந்திரம்,
ஒரு முனையில் வெறும் தண்ணீர்,
நூற்றிருபது மீட்டர் நடந்தால் மறுமுனையில் உலர்ந்த வெள்ளை.
நடுவில் நாங்கள்:
இரண்டு விரல் இல்லாத தொரியானி,
எதற்கும் பாடுகிற செலால்,
குணநாயகம், நான்.
ஈரம் காயுமுன் உருளை அழுத்திப்போகும் குறி
ஒரு சாவி.

தொண்ணூற்று நாலு நவம்பர்,
பேர்னிலிருந்து கடிதம். ஏழு பக்கம்.
படிக்க ஆள் தேடுமுன்
குணநாயகம் அதை மின்விளக்குக்கு நேரே பிடித்தார்.
“நம்மட சாவி.”
விரலால் உரசினார்.
“எண்பது கிராம். எங்கட நாலாம் நம்பர்தான்.
இவ்வளவு வழுவழுப்பு எண்டால் நீ நிண்ட ஷிப்ட்.”
கோரிக்கை ஏற்பதற்கில்லை என்பது
மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

அப்பீல் எழுதினோம். அதே தாளில்.
ஊழியருக்குக் கால்வாசி விலை.

ஆலையை மூடியது இரண்டாயிரத்து எட்டில்.
இயந்திரத்தைக் கழற்றி
அறுபத்தோரு கொள்கலனில் வியட்நாமுக்கு ஏற்றினார்கள்.
அதன் பத்திரங்கள் பதினாறே நாளில் சரியாயின.
என்னுடையவை பதினேழு ஆண்டு.
சான்றிதழ் வந்த அன்று
ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.
சாவி இல்லை. எவருடைய குறியும் இல்லை.
வெள்ளை.

கூடத்தில் இப்போது கணினிகள் குளிரூட்டப்படுகின்றன,
ஆறு அதே வேலையைச் செய்கிறது.
வெள்ளம் வடிந்த பிறகு கரையில் பொத்தான்கள் கிடக்கும்.
தகரத்தில் விழாமல் தப்பியவை.
பிள்ளைகள் பொறுக்குவார்கள்.

போன வாரம் மகள் ஒன்று கொண்டுவந்தாள்.
எலும்புப் பொத்தான், நாலு துளை, விளிம்பில் ஒரு வெட்டு.
அவள் மழைக்கோட்டில் மேலிருந்து இரண்டாவது
எப்போதோ விழுந்துவிட்டிருந்தது.
அளவு சரியாக இல்லை.
துளையைக் கொஞ்சம் பெரிதாக்கித்
தைத்துக் கொடுத்தேன்.