குழி

பதின்மூன்று திருகாணி.
பன்னிரண்டுதான் சோடா மூடிக்குள் விழுந்தது.
பேஸ் கிற்றாரின் வயிற்றுக்குள்ளே வெறும் மரம்,
யாரோ பென்சிலால் எழுதிவிட்ட ஓர் எண்,
செத்த எறும்பு ஒன்று.

இதற்குள்ளால்தான் வருகிறது அந்த இரைச்சல்.
ரியூப் லைற், காற்றாடி, கீழ்வீட்டு மீன்காரரின் ஐஸ் பெட்டி,
குருநகர்ச் சந்தியில் நிற்கும் ட்ரான்ஸ்போமர்,
எல்லாம் ஏறி வந்து ம்ம்ம் என்னும்.
நரம்பில் விரலை வைத்தால் அடங்கும்.
எடுத்தால் திரும்பவும்.

போன சனி, கொய்யாத்தோட்டத்தில் ஒரு கல்யாணம்.
சுவாமியார் செபம் சொல்லி முடிக்குமட்டும்
நாலு நரம்பையும் பொத்திப் பிடித்தபடி நின்றேன்.
"பிள்ளைக்குப் பயமோ?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.
"இல்லை ஐயா, நான்தான் ஏர்த்."

செப்பு ரேப் கொழும்பிலிருந்து லெஸ்லி அனுப்பினது.
நத்தை ஏறாமல் பூச்சட்டிக்கு ஒட்டுவார்களாம் அதை.
வெட்டி, அடியில் ஒன்று, சுவருக்கு ஐந்து,
மூலைகளை நகத்தால் அழுத்தி.
பெருவிரலில் மெல்லிய கோடாய் இரத்தம்.
பசைப்பக்கத்தை நம்பேலாது;
பொருத்துக்குப் பொருத்து ஒரு துளி ஈயம்.

பிறகு மீற்றர்.
ஒரு முனை அடியில், மறுமுனை சுவரில்.

பீப்.

கை நின்றுவிட்டது.

முகமாலையில் ஐந்து வருடம்.
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில் முழந்தாளில் இருந்து
கருவி கத்தினால்
அசையாதே. குச்சி நடு. தள்ளியிருந்து மண்ணைச் சுரண்டி வா.
ஆணி. ஆணி. மீன்ரின் மூடி. ஆணி.
எத்தனையோ நூறு ஆணிக்குப் பிறகு ஒருநாள்
ஆணி அல்லாதது.
சத்தமில்லாத மண்ணில்தான்
மத்தியானச் சோற்றை நிம்மதியாய்த் தின்றோம்.

இங்கே சத்தமில்லாவிட்டால்
எங்கோ விட்டுப்போயிருக்கு.
விரலுக்குச் சொல்லவேண்டியிருந்தது:
பீப் நல்லது, பீப் நல்லது.
மூன்றாம் சுவர் வாய் திறக்கவில்லை.
திரும்பவும் ஈயம் உருக்கினேன்.
பீப்.
வியர்த்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

மூடியின் அடிப்பக்கத்துக்கும் ஒரு செப்புத் தாள்.
பதின்மூன்றாவது திருகாணியை
நிலத்தில் முழந்தாளிட்டு, சாண் சாணாக,
இடமிருந்து வலம் தேடி எடுத்தேன்.
வேறு மாதிரித் தேட எனக்குத் தெரியாது.

அம்பிளிபயரை முழுதாகத் திறந்தேன்.
ரியூப் லைற் எரிகிறது. ஐஸ் பெட்டி அதிர்கிறது.
நரம்பிலிருந்து கையை எடுத்தேன்.

நுளம்பளவு மிச்சம் இருக்கிறது, பரவாயில்லை.

எடுத்த கையை
எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.