இரண்டு நாள் குறைவு

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாதம்
காலண்டர் தாளில் தேதி மட்டும் தெரிந்தது,
அடியிலிருந்த வசனம் தெரியவில்லை.
மாத்திரை நாக்கைத் தடிக்க வைத்திருந்தது.
எந்த வரியைப் பார்த்தாலும்
முசிறெறும்புபோல் தாளின் ஓரத்துக்கு ஊர்ந்துபோனது.

அபினுக்கு அப்போது நாலு மாதம்.
பால் குப்பி மாமியாரிடம்,
பிள்ளை மாமியாரிடம்,
கதவின் கொண்டியும் அவர் பக்கம்.
குற்றம் சொல்லவில்லை.
அவன் அழும்போதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து
யாரோ என் பெயரைக் கூப்பிடுவதாக
நான்தானே எல்லோரிடமும் சொன்னேன்.

வினிஸ்டன் மார்த்தாண்டம் நூலகத்திலிருந்து
ஏதோ ஒன்றை எடுத்துவந்தான்.
புத்தகம் தேர்ந்து பழக்கமில்லை அவனுக்கு,
தடிமன் குறைந்ததாகப் பார்த்திருக்கிறான்.
தேனீ வளர்ப்புக் கையேடு.
அட்டை இல்லை. முதல் ஆறு பக்கமும் இல்லை.
வாழ்த்துரை கிழிந்துபோன புத்தகம் நல்லது.
ஏழாம் பக்கத்தில் நேராகப் பெட்டியின் அளவு இருந்தது.

தீர்ந்த மாத்திரைப் பட்டையை வரிக்கு அடியில் வைத்து
நாளுக்கு ஒரு வரி.
பிறகு நாலு.
'மனசைத் திடமா வச்சுக்கோ' என்று சொல்லாத
ஒரே பொருள் அந்த வீட்டில் அதுதான்.
மறந்துபோன வரிக்குத் திரும்பினால்
அதே குரலில் மறுபடி சொன்னது,
பெருமூச்சு விடாமல்.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லையாம்.
தளிரிலையின் காம்பில் ஊறுமாம்.
முப்பத்தொரு வருஷம் ரப்பர் நிழலில் இருந்திருக்கிறேன்,
அப்பா பால் வெட்டிய மரத்தில் சாய்ந்து
கல்யாணப் போட்டோ எடுத்திருக்கிறேன்,
ஒருவரும் சொன்னதில்லை.
அடுக்களை வாசலில் போய் நின்று
"கேட்டியளா, பூவில இல்லையாம்" என்றேன்.
மரச்சீனி தொலித்துக்கொண்டிருந்த மாமியார்
கத்தியைத் தன் பின்னால் நகர்த்தி வைத்தார்.
பிறகு,
"பின்னே எதுல?" என்றார்.
பதில் தெரியாமல் என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி,
எத்தனையோ நாளைக்குப் பிறகு.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பகலில் மட்டும் படித்தேன்.
ராணி செத்த கூடு முனகும் என்று இருந்தது.
மூடியைத் தூக்கியதும் கேட்குமாம்,
திக்கில்லாத ஓர் இரைச்சல்.
எனக்குத் தெரியும் அந்த இரைச்சல்.
டாக்டரிடம் அதற்குச் சொல் கிடைக்காமல்
காதைத்தான் தொட்டுக் காட்டினேன்.
இங்கே அது ஒரு கேள்வி, அடியில் பதில்:
கூட்டைக் கைவிட வேண்டாம்.
முட்டையுள்ள சட்டம் ஒன்றை வேறு பெட்டியிலிருந்து எடுத்து வை.
பதினாறு நாள் திறந்து பார்க்காதே.
கடைசி இரண்டு சொல்லுக்கும் கீழே
பென்சிலால் இரட்டைக் கோடு.
திறந்து பார்த்துக் கெடுத்த ஆளாக இருக்கும்.

பின்பக்கத்துச் சீட்டில்
வினிஸ்டன் மூன்று முறை புதுப்பித்த தேதிகள்.
கடைசித் தேதிக்கு இன்னும் பதினாலு நாள்.
விரல் விட்டு எண்ணினேன். இரண்டு குறைந்தது.

அந்த நாள் வந்தபோது நானே போகிறேன் என்றேன்.
அவன் பஸ் ஸ்டாப் வரை பைக்கில் கொண்டுவிட்டு
அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல்
டீக்கடையில் நின்றான்.
மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம்.
எல்லாச் சத்தமும் வெளியிலிருந்தே வந்தது.

நூலகத்தில் லீமாறோஸ் என்ற பெண்
அட்டையைப் பார்த்து
"டெல்பின் ராணியா?" என்றாள்.
வாய் உலர்ந்திருந்தது.
"ரெண்டு நாள் போதும்."
"ரெண்டு நாளுக்கு இங்க கணக்கு இல்ல. பதினாலுதான்"
என்று முத்திரையை டப்பென்று குத்தினாள்.
நீல மை.
காயும்வரை ஊதிக்கொண்டே வந்தேன்.

இன்று ராத்திரி அபின் என் மடியில்.
மாமியார் கதவோரம், கை கொண்டியின் மேல்;
போடவில்லை, எடுக்கவுமில்லை.
கிணற்றில் சத்தம்.
"தவளைதானே?" என்று கேட்டேன்.
"தவளைதான்" என்றார்.
தாலாட்டு இன்னும் வரவில்லை எனக்கு.
பெட்டியின் நீளம், அகலம்,
சட்டத்துக்கும் சட்டத்துக்கும் விட வேண்டிய இடைவெளி
வாசித்துக்கொண்டிருக்கிறேன்.
அவன் கொட்டாவி விடுகிறான்.