முட்டைக் காசு தனி

கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
பச்சை அட்டை, மேல்மூலையில்
தக்காளிச் சாறு காய்ந்த கறை.
ஆறாம் பக்கம்:
எலத்தகிரி இருதயராஜ், செட்டர்,
மூன்று டோர்னமென்ட், ரூபாய் 45,000.
அதற்குக் கீழே
முட்டை, முழங்கால் பட்டை, பஸ் சார்ஜ்.

ஓசூரில் கம்பெனி டீமைக் கலைத்துவிட்டார்கள்.
எந்தச் சட்டையிலும் எண் இல்லாமல்
நான்கு மாதம் சும்மா இருந்தவன்.
வயது முப்பத்திரண்டு.
இடது முழங்கால் அவனைவிட மூத்தது.

ராயக்கோட்டை மண்டியில்
காலை ஏலம் முடிந்து கிரேட் கழுவும் நேரம்
தினமும் இதே பேச்சு.
அடிக்கிறவனுக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை,
தூக்கிப் போடுகிறவனுக்கா என்கிறார் சென்னப்பன்.
புளி இல்லாம ரசம் வெச்சுப் பாருங்க என்கிறான் சாதிக்.
மாதேஷ் ஃபோனில் கணக்குப் போட்டான்:
பத்தொன்பது செட்,
செட்டுக்கு முப்பத்தைந்து தரம் பந்து அவன் விரலுக்கு வந்தது,
தொடலுக்கு அறுபத்தேழு ரூபாய், சில்லறை.
கப்புக்குப் பதில் நோட்டையாவது ஃப்ரேம் போடுவோம் என்றான்.
காவேரிப்பட்டினத்தில் அரையிறுதியோடு திரும்பியவர்கள் நாங்கள்.
சிரித்தோம்.

திம்மராயன் சிரிக்கவில்லை.
ஒன்பது வருஷம் அந்த இடத்தில் நின்றவன்,
ஆட்டத்துக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம்.
இந்த மூன்று டோர்னமென்ட்டிலும்
தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.
ஒரே ஒரு தரம் சொன்னான்:
"அவன் கையில பந்து சத்தம் போடறதில்ல.
எனக்குப் போடும்."
விலை அதிகமா என்று
அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு பந்து எனக்கும் நினைவிருக்கிறது.
ஊத்தங்கரை, மூன்றாம் செட், இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று.
முகம் மாதேஷைப் பார்த்தது, தோளும் பார்த்தது.
எதிரே இரண்டு பேர் மாதேஷுக்காக எகிறிவிட்டார்கள்.
பந்து பின்னால் போனது.
அங்கே வெறும் வலை, அதன் முன் சாதிக்,
பெட்டிக்கடைக்குப் போகிறவன் போல
நிதானமாக ஏறி அடித்தான்.
அவர்கள் ஸ்கோர் ஷீட்டில் அது சாதிக்கின் புள்ளி.
என் நோட்டில் அறுபத்தேழு ரூபாய்.

இவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு.
அவனுக்கு ஃபோன் போட்டவன் நான்.
பர்கூர்க்காரன் நாற்பது தர்றானாம் என்று
கிரேட் அடுக்கும்போது யாரோ சொன்னது
காதிலேயே நின்றுகொண்டிருந்தது.
எவ்வளவு வேணும் என்று கேட்கவில்லை.
நாற்பத்தைந்து என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
ஒரு லாரி கடந்து போன சத்தம் மட்டும்.
பேரம் பேசுகிறான் என்று நினைத்தேன்.
"சரிங்கண்ணா" என்றான்.

இருபத்தோரு வருஷமாக ஏலத்தில் நிற்கிறவன்.
ஆனியில் கிரேட் ஆயிரத்து எழுநூறு,
ஆவணியில் தொண்ணூறு,
அதே தோட்டம், அதே செடி, அதே சிவப்பு.
பழத்தைப் பார்த்து விலை சொன்ன நாட்கள் கொஞ்சம்.
பக்கத்தில் நிற்பவன் தொண்டையைக் கனைத்தால்
ஐம்பது ஏற்றிக் கத்தியிருக்கிறேன்.
அவனுக்குச் சளியாகவும் இருந்திருக்கலாம்.

போன செவ்வாய், பர்கூர் பஸ் ஸ்டாண்ட்.
அவர்கள் கணக்குக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.
"யாரு, இருதயராஜா? நாங்க கேக்கவே இல்லையே.
முட்டி போச்சுன்னாங்க."
டீ ஆறிவிட்டிருந்தது.
ஆனாலும் ஊதிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்,
அடுத்த சீசனுக்கு அவனை வைப்பதா விடுவதா.
நோட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி அவனே ஃபோன் செய்தான்.
முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறானாம்,
மழை வந்தால் குத்துகிறதாம்.
எதையோ சொல்ல வந்து இழுத்தான்.
"அண்ணா, அந்த நாப்பத்தஞ்சுல
முட்டைக் காசும் சேர்த்திங்களா..."
முடிக்க விடவில்லை.
"இல்லப்பா, அது தனி" என்றேன்.

மறுபடியும் நான்தான் முதலில்.