நான்காம் நம்பர் ரவை

பீன்யாவில், பின்பக்கம் ஏரி பார்த்த ஷெட்.
பலகையில் 'பேரிங் உதிரிகள்' என்றிருக்கும்.
உள்ளே ரவை செய்கிறோம்.
உப்புமாவுக்கு இல்லை.
இரும்பில்,
மூன்றேகால் மில்லிமீட்டர்.

சாய்த்து வைத்த கண்ணாடியில் உருட்டிவிட்டால்
உருண்டையானது வேகமெடுத்து
இடைவெளியைத் தாண்டி விழும்.
சப்பையானது கொஞ்சம் யோசிக்கும்,
குழிக்குள் போய்விடும்.
எட்டு மணி நேரம் அதைப் பார்ப்பது என் வேலை.
பெண் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா
'தரக் கட்டுப்பாடு' என்பாள்,
குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

வியாழக்கிழமைகளில் பொன்னப்பா சார் வருவார்.
குடகுக்காரர். துப்பாக்கி, உரிமம் இரண்டும் உண்டு.
ஒவ்வொரு லாட்டிலும் இருபத்தைந்து தோட்டா
கையால் அடைத்து
எங்கோ கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்து
தாளில் துளைகளை எண்ணிக்கொண்டு வருவார்.

மருந்தை நகைக்கடைத் தராசில் நிறுப்பார்.
அதற்கும் மருந்து என்றுதான் பெயர்,
என் இருமலுக்கும் அதே பெயர்தான்.
அதன் மேல் பிளாஸ்டிக் கிண்ணம்,
கிண்ணத்தில் என் ரவை,
பிறகு கூட்டின் வாயை ஆறு மடிப்பாக
மோதகம் பிடிப்பதுபோல் உள்ளே அழுத்துவார்.
மடிப்பில் ஒன்று கோணினாலும் பிரித்துவிடுவார்.

"ஈயம் சாது, குழலுக்கு வளைஞ்சு கொடுக்கும்.
இது முரடு. கீறும்.
அதனால கிண்ணம் தடியா வேணும்.
எடையும் பத்தாது, பாதி வழியில மூச்சு வாங்கும்.
ஒரு நம்பர் பெருசாப் போடணும்."

அப்புறம் ஏன் சார் ஈயமே போடக் கூடாது?

டென்மார்க்கில் கூடாதாம்.
தண்ணீரில் விழுந்த ஈய ரவையைக்
கூழாங்கல் என்று வாத்து விழுங்குமாம்,
அதற்குப் பல் கிடையாதே,
வயிற்றில் கல் வைத்துத்தான் அரைக்கும்.
கல் அரைக்கும், ஈயம் கரையும்.
சிறகு தொங்கும், கழுத்து நிற்காது,
இரண்டு மூன்று வாரம்.
சுட்டவன் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்,
அது மேல் படவே இல்லை என்று சலித்துக்கொண்டு.

"குறி தப்பினா
தப்பினதாவே இருக்கணும்மா.
அவ்வளவுதான் சட்டம்."

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.
கொல்லலாம், விஷம் வைக்கக் கூடாது
என்று உட்கார்ந்து எழுதிய ஒருவரை
மேசை, கண்ணாடி, காபிக் கோப்பையோடு
நினைத்துப் பார்த்தேன்.
அவர் மேல் கோபம் வரவில்லை,
அதுதான் ஆச்சரியம்.

பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் ஒட்டுவதும் நான்தான்.
பச்சை நிறம், பறக்கும் வாத்து,
அடியில் 'நச்சற்றது'
அவர்கள் மொழியில்.
அர்த்தம் புட்டசாமி போனில் போட்டுச் சொன்னான்.

துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சு கொடுப்பார்கள்.
பூசியதைக் கழுவிய தண்ணீர்
பின்சுவர்க் குழாயில் போகிறது.
வாரியத்து ஜீப் வரும் நாளில் மட்டும்
குழாய்க்குத் தொண்டை வறண்டிருக்கும்.

மார்கழியில் ஊசிவால் வாத்துகள் வந்தன.
எந்த வானத்தைத் தாண்டியோ, யாருடைய
எத்தனையாவது குறி தப்பியோ.
நுரை ஒதுங்கிய மூலையில்
தலை கவிழ்த்து, வால் நிமிர்த்தி
சேற்றில் எதையோ தேடின.

பொன்னப்பா சாரைச் சுவரருகே அழைத்துப் போனேன்.
பழக்கத்தில் எண்ணினார்: பதினொன்று.
ஒன்று எழுந்து பறந்ததும்
துப்பாக்கி இல்லாத தோள் தானாக உயர்ந்து
அதற்கு முன்னால் ஒரு முழம் போய் நின்றது.
பிறகு குழாயைப் பார்த்தார்.
கையை இறக்கி
கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டார்,
கையில் ஒன்றும் இல்லாதபோதும்.

"லாட் பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
பாஸ்தான். எல்லாம் உருண்டை.

பஸ்ஸில் பார்த்தால் கட்டைவிரலில்
ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.
யஷ்வந்த்பூர் வரைக்கும் நகத்தால் சுரண்டினேன்.
வாத்து முழுதாக உரிந்து வந்தது.
எழுத்து போகவில்லை.