ஈரத்துக்கு இரண்டு கிலோ

சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டி என்றவர்
கிளினிக் கொப்பியில் ஒரு தட்டு வரைந்தார்.
பாதி கீரை, கால் பருப்பு,
மிச்சக் காலில்தான் சோறு.

எங்கள் தட்டில் கோடு கிழிக்க இடமேது?
விடிய நாலரைக்குக் கோதுமை ரொட்டி, சம்பல்.
பத்து மணித் தேத்தண்ணிக்கு
மூன்று கரண்டி சீனி.

அதை ஒன்றாக்கிய அன்று
மலையில் என் போத்தலை வாங்கிக் குடித்த தமயந்தி
"என்னடி, சீனிக்கும் ஸ்ட்ரைக்கா?" என்றாள்.

ரொட்டியில் இப்போது பாதி குரக்கன்.
கல்லில் ஒட்டும், ஓரம் வெடிக்கும்.
கறுப்பென்று தம்பி தொடுவதில்லை,
எனக்கே மிஞ்சும்.
பீலிக்கரை வல்லாரைக்குக் காசு கேட்பாரில்லை.

சம்பள நாளில் மட்டும்
ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ரோல்ஸ் வாசம்
பெயர் சொல்லிக் கூப்பிடும்.
போன மாதம் திரும்பிப் பார்த்தேன்.
ஒன்று சாப்பிட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

பங்குனிக்குப் பிறகு
கலண்டரில் சிவப்புப் பேனா பட்டது ஆடியில்.
பிறகு ஆவணியிலும்.
யாரிடமும் சொல்லவில்லை.

கொழுந்து நிறுக்கும் தராசில்
ஒருதரம் நானும் ஏறிப் பார்க்க ஆசை.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுகிற
கணக்கப்பிள்ளை
எனக்கு எவ்வளவு கழிப்பாரோ.